சித்தப்பாவுக்குக் காட்டிய டெல்லி

"ஏலே ஜெகன், மூணு நாளாச்சு. செங்கோட்டைக்கு எப்பலே கூட்டிட்டுப் போவ?"

திருநெல்வேலியிலிருந்து முதன்முறையாக டெல்லிக்கு வந்திருந்த சித்தப்பா, கிட்வாய் நகரில் என் குவார்ட்டர்ஸில் காலையிலேயே சட்டை மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். மாலையில் அவருக்கு ரயில்.

"இந்தா, இப்பவே போவோம்."

டிவியில் வீடியோ கேமைப் போட்டேன். முகலாயர் காலத்து டெல்லி விரிந்தது. என் குதிரைவீரன் சாந்தினி சௌக்கில் புறப்பட்டான். நடுத்தெருவில் வாய்க்கால் ஓடியது.

"என்னலே, பொம்மையக் காட்டுத!"

"நல்லா பாருங்க சித்தப்பா. நேர்ல போனா இந்த வாய்க்கால்லாம் கெடையாது. அந்தா, கோட்டை வாசல். உள்ள போவோமா?"

பளிங்கு மண்டபம், தோட்டம், யமுனை என்று குதிரையை நிதானமாக ஓட்டினேன். சித்தப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோல அரை மணி நேரம்தானலே? இந்தி தெரிஞ்சா நானே போயிருவேன். இனி இந்த வயசுல எங்க வரப்போறேன்? ஒரே ஒரு தடவ கண்ணால பாத்துக்கிடுதேன்."

அவர் குரல் கெஞ்சியது. நான் குதிரையை நிறுத்தினேன்.

"நானும் இப்படித்தான கேட்டேன் சித்தப்பா? டெல்லி ஏர்போர்ட்ல நிக்கேன், சாயங்காலம் வந்திருவேன், அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துக்கிடுதேன், அதுவரைக்கும் எடுத்திராதியன்னு. நேரமாச்சுன்னு எடுத்துட்டு, சுடுகாட்டுலேருந்து வீடியோ கால் போட்டு, 'இதுல பாத்துக்கோலே'ன்னிய."