நாற்காலி ஓரத்துத் தொட்டி

மூடியைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

போன வாரம் அவனே நிரப்பி வைத்த பாட்டில். மேலே வெள்ளையாக ஓர் ஆடை படிந்திருந்தது. அதை முட்டிக்கொண்டு நின்ற மிளகாய்கள், தொட்டால் தோல் கழன்று வரும்போல் கொழகொழத்துக் கிடந்தன.

"ஈரத்தோட போட்டுட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

திட்டவில்லை. மிளகாய் பாட்டிலா மீன் தொட்டியா என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குப்பைக்கூடையில் கவிழ்த்தார்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். மகள் போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை. அவள் வைத்த மிளகாய்ச் செடி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது என்று அவன் போனில் வாய்தவறிச் சொன்னதன் பலன் இது.

கூடத்தில் பழைய போர்வையை விரித்துக் கழுவிய மிளகாயைப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். பாட்டிலில் ஊறும்போது வினிகர் உள்ளே இறங்க ஊசியால் குத்த வேண்டும். ஊசி அவரிடம் இருந்தது, துணி அவனிடம்.

பச்சை, சிவப்பு, இரண்டுங்கெட்டான். எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. துடைக்கத் துடைக்க, யாருடைய கொழுத்த விரல்களையோ பிடித்துவிடுவது மாதிரி அருவருப்பாக இருந்தது.

அவள் கடைசியில் எலும்பும் தோலுமாகப் போனாள். இதுகள் மட்டும் தின்று கொழுத்திருந்தன.

அதிலும் பால்கனியில் மற்றத் தொட்டிகளெல்லாம் நோஞ்சானாக நிற்க, அவள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்துத் தொட்டி மட்டும் வெட்கங்கெட்டுப்போய்க் காய்த்துத் தள்ளியது. எதிர்வீட்டு அம்மா, என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டாகிவிட்டது. வெறும் தண்ணீர்தான் என்றான். சொல்ல மனசில்லாதவன் என்று அந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இன்று மிச்சக் காயைப் பறித்ததும் செடியைப் பிடுங்கி எறிவதாக இருந்தான். அதற்கென்றே பெரிய குப்பைப் பை வாங்கி வைத்திருந்தான். மாமியாரிடம் சொல்லவில்லை.

"ஒரு வருஷத்துக்குக் காணும்," என்றார் அவர். "வேணுங்கறப்ப எடுத்துப் போட்டுச் சமைச்சுக்கலாம்."

யார் சமைக்க, யார் தின்ன என்று அவன் கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே தெரியாது. ஆபீஸ் கேன்டீனில் தட்டை வாங்குவான். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவான். சாப்பாட்டு வாசனையே ஆகாமல் போயிற்று.

அவரும் கேட்கவில்லை. வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்தார். கீழே இறங்கிப் போய்ப் பால் வாங்கி வந்தார். அவ்வளவுதான்.

இப்போது ஊசியைப் போர்வையில் செருகிவிட்டு எழுந்தார். அலமாரியில் மிஞ்சிக் கிடந்த சத்துப் பவுடரைப் பாலில் கலக்கிக்கொண்டு வந்தார். வீணாகப் போகக் கூடாதாம்.

வெனிலா வாசனை.

காலையும் மாலையும் அவன் கட்டி தட்டாமல் ஆற்றிக் கொடுத்த பால். எதைத் தின்றாலும் வாந்தி எடுக்கிறவளுக்கு இது ஒன்றுதான் வயிற்றில் தங்குகிறது என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். அப்போது மாமியாரும் இங்கேயேதான் இருந்தார். வெளிக்காற்றில் குடித்தால்தான் இறங்குகிறது என்று அவள் டம்ளரோடு பால்கனிக்குப் போவாள். காலி டம்ளரோடு வருவாள். ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.

அவன் துணியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"வெளியில போய்க் குடிக்கிறேன் அத்தை," என்று டம்ளரை வாங்கிக்கொண்டான்.

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். கைக்கெட்டும் தூரத்தில் அந்தத் தொட்டி. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தான்.

மண் முழுவதையும் குடிக்கவில்லை. தளும்பிய பால் தொட்டியின் பின்பக்கம், சுவரை ஒட்டி வழிந்தது. தரையில் பரவிவிடப்போகிறதே என்று குனிந்து பார்த்தான்.

அங்கே ஏற்கெனவே வழிந்திருந்தது.

வெள்ளைத் தாரைகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, பழுத்து மஞ்சளாகி, அடியில் மெழுகுபோல் திரண்டிருந்தன. எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. அவன் ஊற்றிய பாலும் அதே வழியில்தான் இறங்கியது.

ஈரம் பட்டதும் பழைய நாற்றம் கிளம்பியது. புளித்த பாலும் வெனிலாவும்.

கூடத்தில் துடைத்து வைத்த மிளகாய் அத்தனையும் கண்முன் வந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் ஒன்றும் வரவில்லை.

மூச்சு அடங்கியதும் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். டம்ளரை நீட்டினான்.

"குடிச்சிட்டேன் அத்தை."

மாமியார் கடைசிப் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு மிளகாய்கூட வினிகருக்கு மேலே தலை நீட்டாதபடி கரண்டிக் காம்பால் அமுக்கினார். மூடியைத் திருகி இறுக்கினார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தார்.

"அவளும் இப்படித்தான் உதட்டைத் துடைச்சுக்கிட்டு வருவா," என்றார். "நான் ஒரு நாளும் கேக்கல."

டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். பால் கலக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து டம்ளரை அவன் கையில் வைத்தார். பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மிளகாயை எட்டத் தள்ளிவிட்டு, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.