நெளிந்த தட்டு

2016 மார்ச்சில், பாரிஸ் லா சப்பலில் வசித்த பொன்னம்பலத்துக்கு அமெரிக்க வீசா மறுக்கப்பட்டது. வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், கட்டிலும் அடுப்பும் உள்ள வான் வண்டியொன்றை வாடகைக்கு எடுத்து கிராண்ட் கன்யன் பார்ப்பதென்று அவரும் மனைவி இந்திராதேவியும் நெடுநாளாகப் பேசிவைத்திருந்தார்கள். இந்திராதேவி ஜனவரியிலேயே இறந்துபோனாள்.

வெள்ளிதோறும் அவள் படத்துக்கு முன்னால், அவளுடைய நெளிந்த சில்வர் தட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் படைப்பார். பிறகு இருவரும் சேர்ந்து பார்த்த வீடியோவைப் போடுவார். 2011இல் ஓர் அமெரிக்க வயோதிபத் தம்பதி எடுத்தது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் வான், பக்கத்தில் வெறும் மடக்கு மேசை. இப்போது வீடியோவிலிருந்த அந்த மேசையில் இந்திராதேவியின் நெளிந்த தட்டு இருந்தது. புட்டில் பாதி குறைந்திருந்தது.

"உதையே எத்தினை தரம் பாக்கிறியள் அப்பா?" என்றான் மகன் பிரசாந்தன்.

"கொம்மாவிட்டை ஒருத்தரும் வீசா கேக்கேல்லையடா. அங்கைதான் சாப்பிடுறாள்."

மகன் சிரித்தான். "அப்ப நீங்களும் இஞ்சை வந்த மாதிரிக் களவாப் போங்கோவன்."

உயிரோடிருப்பவருக்குப் படைப்பதில்லை. அடுத்த வெள்ளி பொன்னம்பலம் தன் படத்தையும் பக்கத்தில் வைத்து, புதுத் தட்டொன்றில் தனக்கும் படைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தன் கதவை உடைத்து உள்ளே போனபோது, அவர் கதிரையில் உட்கார்ந்தபடி இறந்திருந்தார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த மடக்கு மேசையில் ஒரு தட்டுத்தான் இருந்தது. அதில் நெளிவு இல்லை.