கறியை விட்ட அப்பா

"எங்கப்பாவை நல்லாப் பாருங்க. கறி இல்லாம கையை நனைக்காத மனுஷன். இப்ப எப்படி இருக்கார்?"

டயர் கடை மாடியில் இருந்த அந்த உடற்பயிற்சிக் கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அப்பாவின் பெல்ட்டை அவள் எல்லோருக்கும் இழுத்துக் காட்டினாள். ஆணியால் புதிதாக ஓட்டை போட்டும் இடுப்பில் நிற்காமல் தொங்கியது.

அங்கே உணவு வகுப்பு நடத்துகிறவள் அவள். புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போனார். தட்டில் இருந்தது அவள் கையால் வறுத்த கறி. அதன் பிறகுதான் இந்த வகுப்பு. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் "விட்டுடுங்க, விட்டுடுங்க" என்று மன்றாடுவாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா மட்டும் மசியவில்லை. "போடி பைத்தியக்காரி" என்று சிரித்துக்கொண்டே எலும்பை உறிஞ்சுவார்.

போன வருஷம் ஒருநாள் அவரே போன் செய்தார். "நீ ஜெயிச்சுட்டேம்மா. இன்னியோட கறிக்கு முழுக்குப் போட்டாச்சு."

புருஷன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் அயர்ந்து தூங்கினாள்.

"ஐயா, கறி வாசனை வந்தா ஆசை வராதா?" முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கேட்டாள்.

"ஆசைக்கு என்ன குறைச்சல்? ஆனா தொண்டைக்குக் கீழே இறங்காதும்மா."

மன உறுதின்னா இதுதான் என்று யாரோ சொல்ல, மறுபடியும் கைதட்டல்.

அப்பாவைக் கூட்டிப்போக வந்த அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அப்பா இருப்பது அவன் வீட்டில்தான்.

"இதோ, இவர்தான் எங்கண்ணன்" என்றாள் அவள். "இவர் வீட்ல மட்டும் கறி சமைக்கறது நிக்கவே இல்லை. அதுவும் அப்பா கண்ணெதிர்லயே. சொன்னா காதுல ஏறாது."

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

வகுப்பு முடிந்தது. அப்பாவோடு படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் மொய்த்தது. அவர் பையை வண்டியில் வைக்க அவள் அண்ணனோடு கீழே இறங்கினாள். கார் கதவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. சீட்டில் ஒரு பிளாஸ்க். மூடியைத் திருகினாள்.

எலும்பு சூப்.

"யாருக்கு இது?"

அண்ணன் மாடிப் பக்கம் பார்த்தான்.

"அப்பாவுக்கா? அவரையும் அனுப்பிட்டுத்தான் உனக்கு அடங்குமா?"

"ஏய், வேண்டாம், கொட்டாதே..."

அவன் கை எட்டுவதற்குள் சூப் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அப்படியே கார் மேல் சாய்ந்துகொண்டான்.

"அது ஒண்ணுதான் அவருக்கு உள்ளே போயிட்டிருந்துது."

"என்ன உளர்றே?"

"உணவுக்குழாய்ல புத்துநோய். கறித்துண்டு அடிக்கடி சிக்கிக்குதுன்னுதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பார்த்தப்பவே கை மீறிடுச்சுன்னுட்டார். இப்ப எதைக் குடுத்தாலும் அரைச்சு வடிகட்டித்தான் குடுக்கறோம். அதுவும் பாதி வெளியே வந்துடும்."

அவள் பிளாஸ்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணா என்கிட்ட சொல்லலை?"

"டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையா உனக்குத்தான் போன் போட்டார். கறியை விட்டுட்டேம்மான்னு சிரிக்கிறார். நான் பக்கத்துல மரம் மாதிரி நிக்கறேன். போனை வச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'புருஷனைத் தானே கொன்னுட்டதா நினைச்சு மருகிட்டிருக்காடா. அப்பனையாவது காப்பாத்திட்டோம்னு கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்'னார். அதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். மகளைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எப்படிம்மா பேசினேன்? உன் மானத்தை வாங்கலையே?"

அவள் பிளாஸ்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "ஜமாய்ச்சுட்டீங்கப்பா. முகமே தெளிஞ்சு போச்சு, பாருங்க."

அப்பா குழந்தை மாதிரி சிரித்தார்.

மறுநாள் காலை. கறிக்கடையில் வரிசை நீண்டிருந்தது. தலைமுடியிலிருந்து முகம் வரை துணியால் மூடிக்கொண்டு அவள் நின்றாள். எலும்பை வாங்கி அண்ணன் மனைவியிடம் கொடுத்துவிட்டு அப்பா எழுந்திருக்கும் முன்பே திரும்பிவிட வேண்டும்.

"சூப்புக்குத்தானேம்மா? நல்ல எலும்பா போட்டிருக்கேன்." கடைக்காரர் பையை நீட்டினார். வாங்கித் திரும்பும்போது துணி நழுவியது.

"டீச்சர்?"

நடைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த அந்த முன்வரிசை அம்மாள். டீச்சர் முகத்தையும் கையிலிருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்களை எல்லாம் விடச் சொல்லிட்டு... சே! பாவம் அந்தப் பெரியவர். உங்க வார்த்தையை வேதமா நினைச்சு வாயைக் கட்டிட்டிருக்கார். இது அவருக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதும்மா. தயவுசெஞ்சு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."