முறுக்கின ஒயர்

"அத்தான், இது யார் பார்த்த வேலை?"

இரண்டு நாள் தங்க அக்கா வீட்டுக்கு வந்த சின்னவள், தூசி தட்டலாமென்று பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்கா புருஷன் நிமிரவில்லை. "எந்த வேலை?"

"முன்னாடி ஹெட்போன் சொருகற ஓட்டை இருக்கே, அதுலேர்ந்து சவுண்ட் கார்டுக்குப் போற ஒயர். இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தி வச்சிருக்கு."

"நான்தாம்மா. போன வருஷம்."

"எதுக்கு?"

"பிடுங்கிக்கிச்சு. தெரிஞ்ச மாதிரி மாட்டினேன். சத்தம் வருதில்ல?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவள். இந்த மாதிரி கைவரிசை எத்தனையோ பார்த்துச் சிரித்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பது அப்பாவின் பாட்டுகள்.

அப்பா கேசட்டில் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் அக்காதான் பொறுமையாக இதில் ஏற்றினாள். சின்ன வயசில் அப்பா வீட்டு ஹாலில் மூலைக்கொன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். இடது மூலையில் வயலின் குழையும், வலது மூலையில் டிரம்ஸ் அதிரும். அக்கா வயலின் பக்கம் உட்காருவாள், இவள் டிரம்ஸ் பக்கம். பாதிப் பாட்டில் அப்பா "மாறு" என்பார். இரண்டு பேரும் குறுக்கே ஓடி, நடுவில் மண்டையோடு மண்டை முட்டிக்கொள்வார்கள். "வீடா இது, விளையாட்டு மைதானமா?" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அப்படிக் கேட்டு வளர்ந்த அக்கா, இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

"இப்படி முறுக்கினா ரெண்டு பக்கமும் கலந்து, ரெண்டு காதுலயும் ஒரே மாதிரிதான் விழும் அத்தான். வயலின் எங்கே, டிரம்ஸ் எங்கேன்னே தெரியாது. அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"அவ சந்தோஷமாத்தான் கேக்கறா. ஓடற வண்டியை எதுக்கும்மா நோண்டறே? மூடிடு."

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷர். ஹாரனைத் தவிர வேறு சங்கீதம் தெரியாது. புருஷன் மனசு நோகக் கூடாதென்று அக்கா வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பாள், பாவம்.

வகுப்புக்குக் கிளம்பும்போதும் அவர் வாசலில் நின்று, "சொல்றேன்ல, அதை அப்படியே விட்டுடு" என்றார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். கார் தெருமுனை திரும்பியதும் டேப்பைப் பிரித்தாள்.

முறுக்கை விடுவித்து, நைந்த நுனியை வெட்டி, கார்டில் அதனதன் பின்னில் மாட்டினாள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு உயிரான அந்தப் பாட்டை ஓடவிட்டாள். முதலில் வயலின் மட்டும், இடது காதில் தன்னந்தனியாக. கொஞ்சம் பொறுத்துத்தான் வலது பக்கம் டிரம்ஸ் வந்து சேரும்.

பழைய ஹால் அப்படியே எழுந்து வந்தது. அப்பா ஈஸிசேரில் சாய்ந்து கண்மூடிக் கிடப்பதுகூடத் தெரிந்தது. இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு அக்கா வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்ற விடாமல் நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள்.

"கண்ணை மூடிக்கோ. அப்பா பாட்டு."

போட்டுவிட்டு அக்கா முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா காத்திருந்தாள். அப்புறம் கண்ணைத் திறந்து, "போடுடி. என்ன யோசிச்சிட்டு நிக்கறே?" என்றாள்.

திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் டிரம்ஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. அக்காவின் விரல் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தது. சட்டென்று நின்றது. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள்.

"இடது காது போயிடுச்சுடி. போன வருஷம் ஜுரத்துல கிடந்தேனே, அதுக்கப்புறம். தனியாத்தான் டாக்டர்கிட்ட போனேன். இனிமே வராதுன்னுட்டார்."

"சொல்லவே இல்லையேக்கா."

"பாட்டு டீச்சருக்குக் காது போச்சுன்னு யார்கிட்ட சொல்றது? இவர்கிட்டகூட மூச்சு விடலை. தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவார்."

ஹெட்போனை மடியில் வைத்துத் தடவினாள்.

"மத்த எதுல ஹெட்போன் மாட்டிக் கேட்டாலும் பாதிப் பாட்டுதான். இந்தப் பெட்டியில மட்டும் ஏனோ முழுசாக் கேட்டுட்டிருந்துச்சு. என்ன மாயமோன்னு நானும் ஆராயலை. இன்னிக்கு இதுவும் கைவிட்டுடுச்சு."



வாசலில் கார் வந்து நின்றது. அத்தான் உள்ளே வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், தரையில் சுருண்டு கிடந்த டேப்பைப் பார்த்தார்.

வாசலிலிருந்து வருகிற வழி அக்காவுக்கு இடப்பக்கம். அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், அந்தக் காதருகே குனிந்து, "டீ போடட்டுமா?" என்றார்.

அக்கா தலையாட்டினாள்.

சின்னவள் தரையில் கிடந்த டேப் சுருளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அத்தான், நான் மாட்டினது சரியா வரலை. பழையபடி ரெண்டையும் முறுக்கி விட்டுடுங்க. நீங்க செஞ்சதுதான் சரி."