சிரித்த சேனாபதி

"எழுந்து இந்த ஆறு படியை மட்டும் ஏறிடுங்க மேடம். நாற்காலியை நாங்க பின்னாடியே தூக்கிட்டு வர்றோம்."

"முடியாது. என்னையும் சேர்த்துத்தான் தூக்கணும்."

"வேஷமெல்லாம் மேடைக்கு மேல போதுமே. இங்கேயுமா?"

"சேனாபதி நடக்க மாட்டா."

பச்சைச் சட்டை போட்ட தொண்டர் பல்லைக் கடித்தார். பின்னால் வேஷத்தோடு வரிசையில் நின்ற சிறகு மனிதனும் இரண்டு பூனைப் பெண்களும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தார்கள்.

"ஓவரா பண்றா."

"பெரிய மகாராணின்னு நினைப்பு."

கடைசியில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். நாலில் ஒருத்தி அவளுடைய அக்கா. திட்டு விழ விழ, தங்கையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இருக்காதா பின்னே? அவளை ஒருத்தர் திமிர் பிடித்தவள் என்று திட்டுவது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு நிஜமாகவே நடக்க முடியாது. ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு கால்கள் போயின. அந்த அரங்கத்தில் அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தங்கை அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"நீ வாயே திறக்கக் கூடாது. நல்லா நடக்கிற எவளோ வேஷம் போட்டு வந்திருக்கான்னுதான் எல்லாரும் நினைக்கணும்."

"எதுக்குடி இந்த வம்பு?"

"ஐயோ பாவம்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுக்கா. ஸ்கூல்ல பாட்டுப் போட்டியில பரிசு கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டாவது வரியிலேயே பாட்டு மறந்துபோய் நின்னேன். அப்பவும் எனக்குத்தான் கொடுத்தாங்க. ஒரு தடவையாவது என் கைக்கு மார்க் போடட்டும். காலுக்கு வேண்டாம்."

அக்கா சத்தியம் செய்து கொடுத்தாள்.

காஸ்பிளே போட்டி என்றால் சும்மா மாறுவேடம் இல்லை. படக்கதையிலோ விளையாட்டிலோ வரும் ஒரு பாத்திரத்தை எடுத்து, உடை முதல் வாள் வரை சொந்தக் கையால் செய்து, அந்த ஆளாகவே மேடையில் வந்து நிற்க வேண்டும். உடைக்குப் பத்து, கைவேலைக்குப் பத்து, நடிப்புக்குப் பத்து.

அவள் எடுத்தது ஒரு சேனாபதியை. போரில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே படை நடத்தி, எதிரியைப் பார்த்துச் சிரிக்கிறவள். அந்தப் படக்கதையை வாசித்த நாளிலிருந்து ஏழு மாதம் அவள் சரியாகத் தூங்கவில்லை.

நடுவர் அம்மா கிட்டே வந்து சோதித்தார்.

"கழுத்துல இந்தப் பல் மாலை எங்கே வாங்கினது?"

"வாங்கலை மேடம். பல் செட் செய்யற இடத்துலதான் எனக்கு வேலை. ஒவ்வொரு பல்லும் நானே செஞ்சது."

"அடேயப்பா! கவசம்?"

"பழைய யோகா பாய். ஹேர் டிரையர்ல சூடு காட்டி வளைச்சேன்."

"நாற்காலி வாடகையா?"

"சொந்தம் மேடம்."

"ஒரு வேஷத்துக்காக நாற்காலியே வாங்கிட்டீங்களா! என்ன ஒரு ஈடுபாடு!"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

இசை ஆரம்பித்தது. முன் சக்கரங்கள் இரண்டையும் அந்தரத்தில் தூக்கி, பின் சக்கரங்களில் நின்றபடியே அவள் ஒரு முழு வட்டம் சுற்றினாள். வாளை உயர்த்தி, சபையே அதிரச் சிரித்தாள். இருபது வருஷப் பழக்கம் அது என்று அங்கே யார் கண்டார்கள்? விசில் பறந்தது.

அடுத்து வந்தவளும் அதே சேனாபதிதான். ஆனால் இவள் சிரிக்கவில்லை. தொடைகளைத் தடவித் தடவி அழுதாள். நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து, மேடையில் ஊர்ந்தாள். அரங்கமே மூச்சுவிடவில்லை. நடுவர் அம்மா கைக்குட்டையை எடுத்தார். இசை நின்றதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துள்ளி எழுந்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனாள்.

முதல் பரிசு அவளுக்கு.

மார்க் தாளை வாங்கி வந்த அக்காவின் முகம் சரியில்லை.

"என்னக்கா போட்டிருக்கு?"

"உடைக்குப் பத்து. கைவேலைக்கும் பத்து. வேற யாருக்கும் அப்படி இல்லையாம். வா, கிளம்பலாம்."

"நடிப்புக்கு?"

அக்கா தாளை மடித்தாள்.

"சத்தியமாவது மண்ணாவது. நான் போய் அந்த அம்மாகிட்டச் சொல்லத்தான் போறேன். நறுக்குனு நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழுவாங்க. மைக்கைப் பிடிச்சு என் கதையைச் சொல்லுவாங்க. அவகிட்ட இருந்து பரிசைப் பிடுங்கிட்டு வந்து என் மடியில வெப்பாங்க. அதுக்காகவா ஏழு மாசம் தூங்காம இருந்தேன்?"

அக்கா மடித்த தாளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"தாளைக் கொடுக்கா."

கொடுத்தாள். நடுவர் அம்மாவுக்கு முத்து முத்தான கையெழுத்து.

'நடிப்பு: 2. கைவேலை அபாரம். ஆனால் அளவுக்கு மீறிச் சிரிக்கிறார். நடக்க முடியாதவர்களின் வேதனை முகத்தில் துளியும் இல்லை. அடுத்த முறையாவது அப்படிப்பட்ட ஒருவரை நேரில் பார்த்துப் பழகிவிட்டு வரவும்.'