பதினோரு மணிக்கு இருவர்

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா, இல்ல காலண்டர் பார்க்கத் தெரியலையா?"

வக்கீலம்மா போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது. குமாஸ்தா தலை குனிந்து நின்றார். புகார் சொல்ல வந்த கட்சிக்காரருக்கு அது போதவில்லை.

"நல்லா கேளுங்க மேடம்! முகத்தைப் பார்க்கவே பிடிக்காமத்தானே தனித்தனி நேரம் கேட்டோம்? போன வாரம் என் சம்சாரத்தையும் என்னையும் பதினோரு மணிக்கே வரச் சொல்லி, ஒரே பெஞ்சுல அரை மணி நேரம் உட்கார வெச்சுட்டாரு. இவரை முதல்ல வேலையை விட்டு அனுப்புங்க!"

"இனிமே இப்படி நடக்காது சார். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் இறங்கிப் போனதும் வக்கீலம்மா திரும்பினார்.

"இது எத்தனாவது தடவை?"

"பதினாலு, மேடம்."

"அதை மட்டும் சரியா எண்ணி வெச்சிருக்கீங்க!"

கணவன் மனைவி இருவருமே சம்மதித்துப் பிரிகிற வழக்குகளை மட்டும் எடுக்கிற அலுவலகம் அது. இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல், ஒரே ஃபைல். முதலில் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள்.

"காலண்டர் ஒரு பக்கம், கட்சிக்காரங்க விவரம் இருக்கற சாஃப்ட்வேர் ஒரு பக்கம், நடுவுல நீங்க," என்றார் வக்கீலம்மா. "இனிமே நடுவுல யாரும் வேண்டாம். ரெண்டையும் நானே இணைச்சுடப் போறேன். புரோகிராம் எழுதத் தெரியணும்னு அவசியமில்லையாம். திரையில கட்டம் கட்டமா இருக்கு, ஒண்ணோட ஒண்ணை இழுத்து இணைச்சா போதும். நேரம் கொடுக்கறது, மெசேஜ் அனுப்பறது எல்லாம் அதுவே பார்த்துக்கும். நீங்க தொடவே கூடாது."

குமாஸ்தா தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் கோர்ட் வாய்தாவை ஒரு நாள்கூடத் தவறவிடாத மனிதர் அவர். இந்த விஷயத்தில் மட்டும் கை தவறுமா என்ன? முதல் தடவை உண்மையாகவே தவறியது. அந்த ஜோடி ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்தப் பெண், "மாடி ஜன்னல் ஒழுகுச்சே, சரி பண்ணியாச்சா?" என்று கேட்டாள். அரை மணி கழித்து இரண்டு பேரும் ஒன்றாகப் படி இறங்கினார்கள். ஃபைல் வாபஸ்.

அன்றிலிருந்து அவருக்கு அடிக்கடி கை தவறியது. அடி உதை என்று பயந்து வந்தவர்களின் ஃபைலில் மட்டும் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார். அவர்களுக்குத் தனித்தனி நாள்தான், அதில் மறந்தும் தவறு வராது. மற்றவர்களிடம், "மேடம் போன்ல இருக்காங்க, கொஞ்சம் உட்காருங்க," என்பார். அவருடைய அதிர்ஷ்டம், வக்கீலம்மாவும் அந்த நேரம் பார்த்து நிஜமாகவே போனில் இருப்பார். பதினாலில் ஐந்து வாபஸ் ஆகியிருந்தது.

ஆறாவது இந்தப் புகார்க்காரர்தான் என்று நம்பியிருந்தார். போன வாரம் அவர் பெஞ்சிலேயே கழற்றி வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியை மனைவி எடுத்துத் துடைத்து, ஒன்றும் பேசாமல் அவர் பைக்குள் போட்டதைக் குமாஸ்தா பார்த்திருந்தார். இன்னும் ஒரே ஒரு அரை மணி கிடைத்திருந்தால் போதும். பாழாய்ப்போன மெஷின் வந்து கெடுத்துவிட்டதே!

திங்கட்கிழமை. இணைப்பு ஓட ஆரம்பித்த முதல் நாள்.

பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு புகார்க்காரர் வந்தார். அவர் உட்காருவதற்குள் பின்னாலேயே அவர் மனைவி.

போச்சு, வேலை போச்சு! குமாஸ்தா விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

"மேடம், சத்தியமா நான் தொடலை! மெஷினே தப்பு பண்ணுது. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிருக்கு!"

வக்கீலம்மா காதில் போனை வைத்திருந்தார். கதவைச் சாத்தும்படி கையைக் காட்டிவிட்டு, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் மூன்று கட்டங்கள்.

'ஒரே ஃபைலில் இருவர் இருந்தால்.'

'இருவருக்கும் ஒரே நேரம் கொடு.'

'சிவப்புப் புள்ளி இருந்தால், தனித்தனி நாள் கொடு.'

குமாஸ்தா திரும்பத் திரும்பப் படித்தார்.

"மேடம், இது..."

"உங்களை வேலையை விட்டு அனுப்பச் சொன்னாரு இல்ல? மெஷினை யாரு வேலையை விட்டு அனுப்பறது? இனிமே வர்ற திட்டையெல்லாம் அது வாங்கிக்கட்டும்."

சாத்திய கதவுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

"கண்ணாடி எங்க?"

"வீட்லயே மறந்துட்டேன்."

"அப்புறம் எப்படிப் படியேறி வந்தீங்க? கையைக் காலை ஒடிச்சுக்கவா?"

குமாஸ்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எப்போலேர்ந்து மேடம் தெரியும்?" என்று கேட்டார்.

வக்கீலம்மா காதிலிருந்த போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது அணைந்து கிடந்தது.

"இந்தப் பதினாலு தடவையும், அரை அரை மணி நேரம், நான் யாரோட பேசிட்டிருந்தேன்னு நெனச்சீங்க?"