தேரையின் வாக்கியம்

அந்தக் காட்டில் யார் எதைச் சொன்னாலும், உச்சிக்கிளை மைனா அதைத் திருப்பிச் சொன்னால்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். மைனா ஆள் பார்த்துத்தான் வாய் திறக்கிறது என்று தையல்சிட்டுக்குச் சந்தேகம். ஆராய்ந்தே தீருவது என்று இறங்கிவிட்டது.

"தேரையண்ணே, 'ஓடை வத்துது'ன்னு கத்துங்க" என்றது.

தேரை தொண்டை புடைக்கக் கத்தியது. மைனா இறகு கோதிக்கொண்டிருந்தது. சிட்டு மயிலைக் கெஞ்சி அதையே சொல்ல வைத்தது. மயில் முணுமுணுத்ததுதான் தாமதம், மைனா காடு முழுக்க முழங்கிவிட்டது.

சிட்டுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணே! தினமும் வந்து கத்துங்க, சான்று பலமாயிடும்."

"நான் கத்துறது யாருக்கும் கேக்கலைங்கறதுல உனக்கு என்னம்மா இவ்வளவு சந்தோஷம்?" என்றது தேரை. ஆனாலும் தினமும் வந்தது.

ஒருநாள் கூப்பிடாமலே தத்தித் தத்தி ஓடிவந்தது. "மேற்கே தீ! எல்லாருக்கும் சொல்லுங்க!" என்று அலறியது. மைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அருமை அண்ணே! இதுவரைக்கும் சொன்னதுலயே இதுதான் நல்ல வாக்கியம். இருங்க, மயிலையும் சொல்லச் சொல்றேன்" என்றது சிட்டு.

தேரை அதன் முகத்தையே பார்த்தது. பிறகு தன் பிள்ளைகள் இருந்த மேற்குப் பக்கமே திரும்பிப் போனது.

மயிலைத் தேடிப் பறந்த சிட்டுக்குப் பாதி வழியில் புகை பட்டுக் கண் எரிந்தது. அப்போதுதான் உறைத்தது. "தீ! தீ!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தியது.

மைனா இறகு கோதிக்கொண்டிருந்தது.